பச்சை ஒயருக்குத் தண்ணீர் ஊற்றிய தாய்மாமன்

என் அண்ணன் கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். நான் சொந்தமாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்ட நாளிலிருந்து என்னோடு பேச்சு கிடையாது. எதிரில் பார்த்தால் தெருநாயிடம்கூட நலம் விசாரிப்பார், என்னிடம் மாட்டார். ஆனாலும் என் மகளுக்குக் காதுகுத்து என்றதும் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கிவிட்டார். பாசமா, ஊர் வாய்க்குப் பயமா என்று நான் ஆராயவில்லை. இந்தத் தடவையாவது ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று ஓர் ஏக்கம்.

கிடா, பழத்தட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் சரி. கூடவே ஒரு பிக்சல் விளக்குப் பலகை. மகளின் பெயர் ஓடும், சுற்றிலும் பார்டர் ஓடும். அவரே கைப்படச் செய்தது. சீர் கொண்டுவந்தவர் ஒப்படைக்கும் வரை எங்கள் வீட்டு ஆட்கள் அதைத் தொடக்கூடாது. நானோ உத்தமபாளையத்தில் இதே விளக்குகளை விற்கிற கடைக்காரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த விளக்குகளில் சனியன் என்னவென்றால், வகைக்கு ஒரு நிறம். சிவப்பில் கரண்ட் வரும், அதுவரை ஒற்றுமை. பெயர் எழுதிய விளக்கில் வெள்ளை என்பது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரியணும் என்று சொல்கிற சிக்னல் பச்சையில்தான். பார்டர் விளக்கில் சிக்னலே வெள்ளையில், திரும்புவது நீலத்தில். அண்ணன் இதையெல்லாம் கண்டாரா? பலகையைப் பந்தலில் நிறுத்திவிட்டு, வெள்ளையோடு வெள்ளையை முறுக்கினார். நீலத்துக்கு ஜோடி இல்லை என்று டேப் சுற்றிவிட்டார். பச்சையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மோட்டார்காரருக்குப் பச்சை என்றால் எர்த். வாசலில் ஒரு கம்பியை அடித்து இறக்கி அதில் கட்டினார்.

பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம், "மச்சான், ஒங்க வீட்டுல ஒரு கொடம் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க. எர்த்து நல்லாப் பிடிக்கணும்" என்றார்.

நானே கொண்டுபோய் ஊற்றினேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்ற பயம்.

சுவிட்சைப் போட்டார். ஒன்றும் எரியவில்லை. என் கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சீரு வந்துருச்சு, வெளிச்சந்தான் அடுத்த பஸ்ஸுல வருது போல!"

பந்தலே சிரித்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வண்டிய எடப்பா" என்றார் டிரைவரிடம். இப்போது போனால் மறுபடி இந்த வாசலை மிதிக்க மாட்டார்.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன். "இதென்ன போர் மோட்டாரா? சிக்னலக் கொண்டுபோய் மண்ணுல சொருகி வச்சிருக்க! மண்புழுவா வந்து பேரு எழுதும்?"

மேளக்காரர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் வண்டிப் படியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னை நோக்கி வந்தார்.

"ஏ கழுத! கொடத்தத் தூக்கிட்டு வந்து ஊத்துனியே, அப்பவே தெரியும்ல ஒனக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

என்னைத்தான் கேட்டார். நேராக என்னை.

"நீ என்னையப் பேச விட்டியா?" என்றேன்.

கட்டிங் பிளேயரை என் கையில் திணித்தார். "அப்ப நீயே போடு."

ஒப்படைக்காத சீரில் கை வைக்கிறாளே என்று மாமியார் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். எல்லாவற்றையும் பிரித்து, பச்சையையும் வெள்ளையையும் அதனதன் இடத்தில் மாட்டினேன். பெயர் ஓடியது, ஆனால் பச்சை நிறத்தில்.

"நான் செவப்புலல்ல ஓடணும்னு வச்சேன்?" என்றார் அண்ணன்.

"கலர் வரிச மாறியிருக்கு. பெட்டியில மாத்தணும்."

"அப்ப மாத்து. பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற! சின்னப்புள்ளையிலயே இப்பிடித்தான், ஒரு வேலை உருப்படியாப் பாத்தது கெடையாது."

கண்ட்ரோல் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சிவப்பு வந்துவிடும். நான் அழுத்தவில்லை. அண்ணன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். நான் சரியாக இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.