இரண்டு குழல், இரண்டு பர்னர்

தெருவில் தளபதி என்று அழைக்கப்பட்டவருக்குக் கரப்பான் பூச்சி என்றால் பயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. எந்தப் படையிலும் இருந்ததில்லை. எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தாட ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவார். இரண்டு அணிகளின் செருப்புக்கும் காவலாக உட்கார வைப்பார்கள்.

பட்டம் துப்பாக்கியால் வந்தது. ஒரு பழைய பங்களாவில் ஏலம். தையல் மெஷின் எடுத்துவரச் சொல்லி மனைவி அனுப்பினாள். திரும்பி வந்தவர் கையில் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி. இருநூறு வருஷம் பழையது. விசையை இழுத்தால், இரும்புத் தாடை கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். குழலுக்கு ஒரு கல், ஒரு விசை.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நூல் எங்க கோக்கறது?" என்று கேட்டாள்.

அந்த மழைக்காலத்தில் அடுப்பு லைட்டர் செத்துப்போனது. தீப்பெட்டி நமத்துக் கிடந்தது. அவள் துப்பாக்கியை எடுத்தாள். வலது விசைக்கு வலது பர்னர், இடது விசைக்கு இடது பர்னர். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"உங்க ஆயுசுலயே உருப்படியா வாங்கினது இதுதான்" என்றாள். பாராட்டும் வசவும் ஒரே மூச்சில் வருவது அவருக்குப் பழக்கம்தான்.

தளபதிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தில் சேர வேண்டும். அவர்கள் ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சட்டையில் பித்தளைச் சின்னம் குத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். கண்ணாடி மாற்ற வந்த சங்கத் தலைவரிடம் துப்பாக்கியைப் பற்றி மெல்ல எடுத்துவிட்டார். வந்து பார்க்கிறோம் என்றார் தலைவர். ஒரே நிபந்தனை. அன்றாடம் புழங்கும் பொருளாக இருக்கக் கூடாது. புழங்கினால் அது பழம்பொருள் இல்லை, பாத்திரம்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் தீக்குச்சில பத்தவையேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"வாங்கிட்டு வாங்க. பத்தவைக்கிறேன்."

ஞாயிறு காலை முழுக்கத் துப்பாக்கியைத் துடைத்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். சின்னம் குத்தப்போகும் இடத்தில் மட்டும் இன்னொரு தடவை போட்டார். தீப்பெட்டியை மறந்துபோனார்.

தலைவரும் செயலாளரும் வந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். செயலாளர் அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்பவர். தலைவர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் குழலுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு விசைகளை இழுத்தார். இரண்டிலும் பொறி பறந்தது.

"என்ன துடிப்பு. இத்தனை வருஷம் சும்மா கிடந்த மாதிரி தெரியலையே."

"தெரியலையே" என்றார் செயலாளர்.

"நல்ல இரும்பு சார்" என்றார் தளபதி.

தலைவர் கைப்பிடியை முகர்ந்தார். "வெங்காயம்."

"பழைய மரம் சார். அப்படித்தான் வாசனை வரும்."

"இருநூறு வருஷத்து வெங்காயமா?"

தளபதி பேச்சை மாற்ற, டீ கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார். மனைவி கதவோரம் வந்து நின்றாள். உள்ளே போனாள். மறுபடி வந்து நின்றாள்.

"டீ எங்க?" என்றார்.

"தண்ணி வெச்சாச்சு. தூளும் போட்டாச்சு."

"அப்புறம் என்ன?"

"மிச்சம் அவர் கையில இருக்கு."

தலைவர் தன் கையைப் பார்த்தார். செயலாளரும் அந்தக் கையைப் பார்த்தார்.

"குடுங்க சார். பத்தவெச்சுட்டுத் துடைச்சே தர்றேன்" என்று அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

தளபதி கண்ணை மூடிக்கொண்டார். டக். டக். இரண்டு பர்னரும் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது நாற்காலிகள் இரண்டும் காலியாக இருந்தன.

சமையலறையில் தலைவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "அதை அணைச்சிடும்மா. நான் ஒரு தடவை."

அணைத்துவிட்டுக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். டக். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு டக். ஒன்றும் ஆகவில்லை.

"முதல்ல கேஸைத் திறக்கணும் சார்" என்றாள்.

அடுத்தது செயலாளர் முறை. அவரும் அதையேதான் செய்தார், கேஸைத் திறக்காததையும் சேர்த்து. டீ மூன்று தடவை போடப்பட்டது.

கிளம்பும்போது தலைவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். "விதிப்படி இது சமையல் சாமான். சின்னம் தர முடியாது."

"முடியாது" என்றார் செயலாளர்.

தளபதி தலையாட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்தே ஆட்டிவந்த தலை. கதவைச் சாத்தப் போனார்.

"ஆனா" என்றார் தலைவர் படியில் நின்று, "இடது குழல்ல எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த ஞாயிறு வந்து பாத்துடறோம்."

வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்கள். மனைவி ஞாயிறுதோறும் பால் கூடுதலாக வாங்கத் தொடங்கினாள். அவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். இஸ்திரி போட்ட வெறும் சட்டையோடு தளபதியும் பேசினார். பேச அவரிடம் இவ்வளவு இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிறன்று மனைவி டீயை வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தச் சந்தேகம் தீர்ந்துச்சா சார்?"

தளபதி அவளைக் கண்ணால் கெஞ்சினார்.

தலைவர் டீயை நிதானமாகக் குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினார்.

"எங்கம்மா தீர்ந்துச்சு? இப்ப வலது குழல்லயும் ஒண்ணு வந்திருக்கு."

"வந்திருக்கு" என்று செயலாளரும் நீட்டினார்.