பீடத்தில் இருந்த பொதி

பொங்கல் விழாவன்று, நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஸ்டோவ்னரில் ஈரப்பனி கொட்டியது. நாலு மணிக்கே மண்டப யன்னல்கள் கறுத்துவிட்டன. அசாமியப் பெண் ஒருவர் ஆட வந்திருந்தார். அவரிடம் சத்ரியா பழக வேண்டுமென்று என் மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

சத்ரியா அசாமின் வைணவ மடங்களில் பிறந்த நடனம். துறவிகள் அதை வழிபாடாகவே ஆடினார்கள். மேடைக்கு வந்தது வெகு பின்னால். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது பரதம் மட்டும்தான்.

நான் கூச்சக்காரி. மேடை ஒழுங்கு பார்ப்பதென்றால் திரைக்குப் பின்னால் நிற்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டேன். ஆட வந்தவர் மேடையோரம் ஒரு மரப்பீடம் வைத்திருந்தார். அதன்மேல் சிவப்புக் கரைத் துணியில் சுற்றிய பொதி. மாற்றுடுப்பு என்று நினைத்தேன். விழாவுக்குக் கொண்டுவந்த நடராசர் சிலையை வைக்க வேறு பீடம் இல்லாததால் பொதியைத் தூக்கப்போனேன்.

"அக்கா, அது அவையின்ர சாமான். கை வைக்காதேங்கோ," என்றார் ஒலிபெருக்கி பார்த்தவர்.

"நடராசரை நிலத்திலயோ வைக்கிறது?"

"வைச்சா என்ன, இறங்கி வந்து ஆடப்போறாரோ?"

நான் சிரிக்கவில்லை. நடராசரைப் பீடத்தில் இருத்தி மாலை போட்டேன். பொதியைக் கொண்டுபோய் வாசலறையில் கோட்டுகளுக்குக் கீழே வைத்தேன்.

ஆட வந்தவர் மேடைக்கு வந்து பீடத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. மத்தளம் தொடங்கிவிட்டதால் ஆடினார். ஒவ்வொரு திருப்பத்திலும் கண் எதையோ தேடியது.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்து நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"புத்தகம் எங்கே? எங்களுக்குச் சிலை இல்லை. நாங்கள் விழுந்து கும்பிடுவது அதைத்தான்."

வாசலறையைக் கைகாட்டினேன். மகளும் கூட வந்தாள். சப்பாத்துகளில் இருந்து உருகிய பனி தரையெல்லாம் ஓடியிருந்தது. பொதி அந்தத் தண்ணீரில் கிடந்தது. அவர் முழந்தாளிட்டு அதை அவிழ்த்தார். தன் தகப்பன் கையால் எழுதிய பாகவதமாம். மை பரவி, தாள்கள் நீலமாகிவிட்டன.

"யார் இங்கே வைத்தது?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றாள் அவள்.

அவர் ஈரத் தாள்களை மூடினார். பிறகு, "நீ பழக வரவேண்டாம்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சிவப்புக் கரைத் துணியைக் கையில் எடுத்து, தண்ணீரைப் பிழிந்துகொண்டு நின்றேன்.