கண்ணாடிக்கு முதுகு காட்டிய நாற்காலி

அவரிடம் சவரத்துக்கு உட்காருபவர்கள் பாதியிலேயே தூங்கிவிடுவார்கள். அதனால் அவருக்குத் தாலாட்டு என்று பெயர் விழுந்தது. சின்னவர்கள் தாலாட்டு அண்ணன் என்பார்கள். அவர் வயதுக்காரர்கள் “தாலாட்டு இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் தள்ளுவார்கள். இரண்டு நாற்காலி போட்ட சலூன். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மனைவியின் தம்பியுடையது. மைத்துனன் வேலையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனிடம் யாரும் தூங்கியதில்லை, அவன் வாய் தூங்கவிடாது.

சவரம் என்றால் எல்லோரும் கத்தி பிடித்த வலது கையைத்தான் பார்ப்பார்கள். வேலையில் பாதி இடது கையுடையது. தோலை இழுத்துப் பிடிப்பது அதுதான். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, நுரைக்கு அடியில் எங்கே பரு இருக்கிறது, எச்சில் விழுங்கப் போகிறாரா என்பதெல்லாம் அந்த விரல்நுனிகளுக்குத்தான் முதலில் தெரியும். கத்தி அவற்றின் பின்னால் போகும்.

அந்த இடது கைதான் ஒரு காலையில் விழுந்தது. தபால்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்திலிருந்து வழுக்கிய கை மார்பில் போய்க் கிடந்தது. தாலாட்டுக்கு அது தெரியவே இல்லை, கத்தியைக் கீழிறக்கிக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவர் வாய் கோணியிருப்பதை மைத்துனன் பார்த்தான். எட்டிப் பாய்ந்து முதலில் கத்தியை வாங்கினான். பாதி முகம் நுரையோடு எழுந்த தபால்காரர்தான் அவரைத் தாங்கி வண்டி வரை கொண்டுபோனார்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். சீக்கிரம் வந்ததால் உயிர் தப்பியது, கால் தேறிவிடும், கை போகப் போகத் தெரியும் என்றார். அந்தப் ‘போகப் போக’ அவர்களோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கூடவே இருந்தது.

கால் தேறியது. சுவரைப் பிடித்து, பிறகு கோல் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் நடந்தார். கை மட்டும் யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன சாமான் மாதிரித் தொங்கியது. மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார், தலை வாரிவிட்டார், தட்டில் இருப்பதைப் பிசைந்தும் வைத்தார். கைகால் பயிற்சி கொடுத்த பிசியோ அம்மாள் இதைக் கேட்டதும் மனைவியையும் வரச்சொல்லி எதிரில் உட்காரவைத்தார்.

“நீங்க ஒரு உதவி பண்ணா அந்தக் கை ஒருநாள் லீவு போட்டுக்குதும்மா. இப்படியே போனா வேலைக்கே வராது.”

அன்றிலிருந்து தாலாட்டின் வலது கைக்குத் தினமும் சில மணி நேரம் தடித்த கையுறை. நல்ல கை சும்மா இருக்க வேண்டும், வராத கை வந்தாக வேண்டும். கரண்டி பிடிப்பது, கதவைத் திறப்பது, துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டுவது எல்லாம் இடது கைக்கு. சாப்பாடு பாதி மடியில் விழுந்தது. உதவிக்குப் பாயாமல் இருக்க மனைவி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். முதல் பொத்தானை அவரே போட்டபோது, அது தப்பான துளையில் ஏறியிருந்தது. இருவரும் அதைக் கழற்றவில்லை. அப்படியே கடைத்தெருவுக்குப் போய் வந்தார்கள்.

விரல்கள் மடங்கின, நீண்டன, பிடித்தன. அவருக்குள் இருந்த பயம் மட்டும் மடங்கவில்லை. பிடிப்பது வருகிறது, பிடித்தது தெரிகிறதா? சூடான துண்டைப் பிழிந்தபோது விரல்கள் சிவந்து கொப்பளித்ததை மனைவி சொல்லித்தான் பார்த்தார். “மேடம்கிட்ட சொல்லாத” என்றார். சொன்னால் கத்தியைத் தொடாதே என்பார்கள் என்று பயம். சலூனில் அவர் நாற்காலியில் வேலை செய்ய வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மைத்துனன் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, மாமா வந்துகொண்டே இருக்கிறார் என்று நாள் கடத்திக்கொண்டிருந்தான்.

பிசியோ அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, நடை பழகுகிறவர்களுக்காக. அங்கே ஒரு பரிசோதனை உண்டு. அவர் இடது கட்டைவிரலைப் பிசியோ பிடித்து மேலே அல்லது கீழே அசைப்பார், பார்க்காமல் சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் தலை சுற்றுகிறது என்றதால் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பக்கம் கண்ணாடி. வாழ்நாள் முழுக்க ஆளைப் பின்னாலிருந்தும் முகத்தைக் கண்ணாடியிலும் பார்த்தே வேலை செய்தவர். கண் தானாக அங்கே போனது. மேலே, கீழே, மேலே. எல்லாம் சரியாகச் சொன்னார். பிசியோவுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியில்தான் பார்த்தேன் என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவருக்கே உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். போகவில்லை.

அடுத்தது பலூன். சவரத்தொழிலுக்கு வருகிறவர்கள் ஆள் முகத்தைத் தொடுவதற்கு முன்னால், ஊதிய பலூனில் நுரை தடவி வழித்துப் பழகுவார்கள். அதைக் கேள்விப்பட்ட பிசியோ, இடது கைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்றார். அழுத்திப் பிடித்தால் வெடிக்கும், விட்டுப் பிடித்தால் வழுக்கும். வீட்டில் பலூன்கள் வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நுரை கூரை வரை தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தினமும் யாருக்குங்க பிறந்தநாள் என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் வெடிப்பது குறைந்தது. ஒருநாள் வெடிக்கவே இல்லை.

மறுநாள் கடை திறக்கும் முன் மைத்துனன் துணியை விலக்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று மட்டும் அவன் பேசவில்லை. கண்களையும் மூடவில்லை. தாலாட்டு இடது கையை அவன் கன்னத்தில் வைத்தார், பார்த்துத்தான் வைத்தார். வலது பக்கக் கன்னம் வழித்து முடிந்தது. தாடைக்குக் கீழே இறங்கும்போது பார்வை கத்தி முனைக்குப் போயிற்று, போகத்தானே வேண்டும்.

“மாமா,” என்றான் மைத்துனன் உதடு அசையாமல். “கை என் சட்டைக் காலர்ல இருக்கு.”

கத்தி அந்தரத்தில் நின்றது. கண்ணாடியில் பார்த்தார். உண்மைதான். பலூனில் அவர் கையைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். பார்க்காத கணத்தில் கை போய்விடுகிறது. அன்று தபால்காரர் மார்பில் கிடந்த அதே கை. கத்தியை மடித்து மேஜையில் வைத்தார். மீதி முகத்தை மைத்துனன் தானே வழித்துக்கொண்டான். தாடைக்குக் கீழே வந்ததும் அவன் ஒருமுறை காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதை அவர் கண்ணாடியில் பார்த்தார், அவர் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அடுத்த நாள் பிசியோவிடம் போனதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். “மேடம், அந்தக் கட்டைவிரல் விஷயம். நான் கண்ணாடியில பாத்துதான் சொன்னேன்.” துண்டு சுட்டதையும் சொன்னார். பிசியோ கோபித்துக்கொள்வார் என்று தலை குனிந்திருந்தார். பிசியோ எழுந்து வந்து அவர் நாற்காலியை வெறும் சுவர்ப் பக்கம் திருப்பினார். அவருடைய துண்டையே மடித்துக் கண்மேல் போட்டார். விரலை அசைத்தார்.

“மேலயா, கீழயா?”

அவர் தலை தானாகக் கண்ணாடி இருந்த பக்கம் திரும்பியது.

“தெரியல.”

“இதைத்தான்யா நீங்க முதல் நாளே சொல்லியிருக்கணும். இனிமே இங்கேருந்து ஆரம்பிப்போம்.”

ஆரம்பித்தார்கள். மணல் நிரப்பிய தட்டில் பொத்தான்களைப் பார்க்காமல் தேடினார். சொரசொரப்பான துணி எது, வழவழப்பு எது என்று சொல்லப் பழகினார், பெரும்பாலும் தப்பாகத்தான். வீட்டில் மனைவி அவர் கையைத் தூக்கி மேஜையிலோ முழங்காலிலோ வைத்துவிட்டு, இப்ப எங்க என்பார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார். சிரித்து முடித்து அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைப்பார்.

சலூனில் முடிவெட்ட மட்டும் மைத்துனன் அவரைத் திரும்ப நிற்கவைத்தான். சீப்பு பிடித்த கை, கண் போகிற இடத்திலேயே இருக்கும். அது அவரால் முடிந்தது. தபால்காரர் வந்தார், முடி வெட்டிக்கொண்டார், சவரத்துக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறினார்.

பிறகு ஒரு காலை மைத்துனன் தன் அக்காள் புருஷனின் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பிளேடு மாட்டாத கத்தியை நீட்டினான். கண்ணை மூடிக் குறட்டை விட்டான்.

“நடிக்காதடா. கண்ணை மட்டும் மூடு.”

நுரை தடவினார். கையைக் கன்னத்தில் வைத்தார். பார்வையை வெறும் கத்தி முனைக்குக் கொண்டுபோனார். ஒருமுறை இறக்கினார். இரண்டாவது இறக்கத்தில் கத்தி வேகம் குறைந்தது. இடது கை இருக்கிறதா, போய்விட்டதா? ஒரே ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும். பார்க்கவில்லை. போர்வைக்கு அடியில் எதையோ தொடுகிற மாதிரி, வெகு தூரத்தில் ஏதோ சொரசொரத்தது. தாடிமுளையாக இருக்கலாம். துணியாகவும் இருக்கலாம்.

“தாடையில இருக்கு,” என்றார்.

மைத்துனன் கண் திறக்காமலே சொன்னான். “கொஞ்சம் கீழ, மாமா. கழுத்துல.”

“காலர்ல இல்லையே?”

“காலர்ல இல்ல.”

கையை விரலளவு மேலே ஏற்றினார், பார்க்காமல். “இப்ப?”