பூண்டு மணத்த கையுறை

பிள்ளைகளே, அப்பா எலிகளுக்குத் தீனி வைக்கிற வேலை பார்க்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். கொடைக்கானலில் உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையைச் சொல்கிறேன்.

கண்பார்வையைப் பறிக்கும் ஒரு நோயை ஆராய, அந்த நோயோடு பிறக்கும் எலிகள் தேவைப்பட்டன. ஆண் எலியின் உடம்பில் விந்தணுக்களை ஓயாமல் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் உண்டு. நாற்றங்கால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வை நடத்திய மேடம் அவற்றை எடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்து, மரபணுவை மாற்றி, சொந்தமாக விந்தணு ஊறாத இன்னோர் ஆண் எலிக்குள் வைத்தார். மாற்றம் குட்டிக்கு வந்திருந்தால் நீல விளக்கில் அதன் தோல் பச்சையாக ஒளிரும். அந்த அடையாளத்தையும் சேர்த்தே வைத்திருந்தார்.

அதோடு விட்ட பெண் எலி சினையானதும் அந்த ஆண் எலி செத்துப்போனது. இந்த ஓர் ஈற்றுதான். இது போனால் மேடத்தின் பல வருட உழைப்பும் போச்சு.

குட்டிகள் பிறந்த மறுநாள் காலையில் பார்த்தால், தாய் எலி ஒரு குட்டியைத் தின்றுகொண்டிருந்தது. மற்றவை கூட்டுக்கு வெளியே சிதறிக் கிடந்தன.

"யாரு இதத் தொட்டது?" என்றார் மேடம்.

"நாந்தாங்க," என்றார் கூண்டு கழுவும் அக்கா. "கூடு ஈரமாக் கெடந்துச்சுன்னு குட்டிகள நகத்தி வச்சேன். கையுறை போட்டுத்தாங்க தொட்டேன்."

அந்தக் கையுறையை மோந்து பார்த்தேன். "என்னக்கா, ரசமே வைக்கலாம் போல."

"கையுறை ஐஸாக் கெடந்துச்சுப்பா. செத்த நேரம் சொட்டருக்குள்ள வச்சு சூடாக்குனேன்."

மலைப்பூண்டு அறுவடை நேரம். வெள்ளனே பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதே சுவெட்டரோடு வந்திருக்கிறார். அந்த வாடை கையுறையில் ஏறி, அதிலிருந்து குட்டிகளுக்கும் ஏற, தாய்க்குத் தன் குட்டிகளையே அடையாளம் தெரியவில்லை.

மேடம் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பழைய கூட்டுத் தூள் வெரசா கொண்டாங்க" என்றார். தாயின் வாடை ஏறிய அந்தத் தூளைப் புதுக் கையுறையில் தேய்த்து, குட்டிகளின் மேலும் தடவி வைத்தார். நாங்கள் விலகி நின்றோம்.

தாய் மோந்தது. வாயைத் திறந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அது குட்டியைக் கவ்வி, கூட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சேர்த்தது.

மேடம் அறையை இருட்டாக்கி நீல விளக்கைப் பிடித்தார். முதல் குட்டி வெறும் கருப்பு. அடுத்ததும் அப்படியே.

"தின்னது பச்சையா இருந்திருக்குமோ" என்று அக்கா முணுமுணுத்தார்.

கூட்டின் ஓரத்தில் கிடந்த ஒன்று, பச்சை மிளகாய் நிறத்தில் மின்னியது. மேடம் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். தாய் அதன்மேல் படுத்து மறைத்துக்கொண்டது.

அன்று முழுக்க அக்கா அந்தக் குளிரில் சுவெட்டர் இல்லாமல்தான் வேலை பார்த்தார். அது வெளியே கேட்டில் தொங்கியது.