எலுமிச்சம்பழம் அணைத்த இன்ஜின்

நாளைக் காலை குருவிநத்தம் ஆற்றுமணலில் நண்பர்களோடு நான் ஓட்டவேண்டிய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக், சர்வீஸிலிருந்து வந்தது முதல் கிளம்பவில்லை.

சர்வீஸ் செய்த வில்லியனூர் மெக்கானிக் முருகையன் இன்று வீட்டுக்கே வந்தார். பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார். பொறி வரவில்லை.

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க சார். இன்னா பண்றது?"

மீட்டரை எடுத்து நானே ஒயர்களைச் சோதித்தேன். சர்வீஸ் முடித்த கையோடு, திருஷ்டிக்கென்று ஹேண்டில்பாரில் அவர் கட்டிய எலுமிச்சம்பழத்தின் கம்பி, இன்ஜினை அணைக்கும் சுவிட்சின் ஒயர் உறையைக் கிழித்து உள்ளே இறங்கி, அதை ஹேண்டில்பார் இரும்போடு இணைத்திருந்தது. சுவிட்சை யாரும் தொடாமலேயே வண்டி அணைந்தே கிடந்திருக்கிறது.

கம்பியை அவிழ்த்தேன். ஒரே உதையில் கிளம்பியது.

"பாத்தியா சார்! பழம் இல்லன்னா இன்ஜினே கெட்டுப் பூட்டிருக்கும்" என்று புதிய பழமொன்றை நீட்டினார். "இந்த வாட்டி நூல்ல கட்டிடறேன்பா."

அதை வாங்கி, பிழிந்து, உப்பிட்டு, அவர் எதிரிலேயே குடித்தேன்.

உங்கள் வண்டிகளில் என்ன தொங்குகிறது என்பதைக் கீழே பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம்.