வெல்டிங்காரர் அடைத்த பொந்துகள்

அந்தத் தெருவில் வெல்டிங்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் காட்டும். வேலையில் கெட்டிக்காரர். காதுதான் மந்தம்; பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால்தான் கேட்கும். காலமெல்லாம் கட்டிங் மெஷின் பக்கத்திலேயே நின்றவருக்கு வேறென்ன மிஞ்சும்? அவருடைய அக்காவுக்குக் கண் இல்லை. சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. அவர் காதுக்கு அக்கா, அக்கா கண்ணுக்கு அவர் என்று அந்த வீடு எப்படியோ ஓடியது.

அக்காவின் உயிரே கொல்லைத் தோட்டத்தில்தான். கத்தரி, தக்காளி, புடலை எல்லாவற்றையும் விரலால் தடவியே வளர்த்தாள். அங்கேதான் எலிகள் புகுந்தன. பழுத்ததை எல்லாம் பாதி கடித்துப் போட்டுவிட்டுப் போயின.

ஒரு நாள் காலையில் அக்கா குதறிய தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே எனக்கு இங்க என்னடா வேலை? மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவகிட்டயே போயிடறேன்" என்றாள்.

வெல்டிங்காரர் தனிக்கட்டை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அக்காவும் போய்விட்டால் அவரைத் திட்டக்கூட அந்த வீட்டில் ஆள் கிடையாது.

வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். வேலியைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கினார். வீட்டுச் சுவரோரம் கண்ணில் பட்ட பொந்துகளை எல்லாம் இரும்புத் தகடு வைத்து, சிமென்ட் பூசி அடைத்தார்.

"இனி எறும்பு வரணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்" என்று மார்தட்டினார்.

பாவம், ஒன்றை யோசிக்கவில்லை. வெளிச்சத்திலேயே வேலை பார்த்துப் பழகிய மனிதர், இதையும் பட்டப்பகலில் செய்தார். பகலில் எலிகள் எங்கே இருக்கும்? வீட்டுக்கு அடியில், பொந்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

காய்கள் முழுசாகத் தொங்கின. ஆனால் அக்கா தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தபடி இருந்தாள்.

"கீழ சுரண்டுதுடா."

"ஒண்ணும் இல்லக்கா."

"உனக்குக் கேட்டாத்தானே? நிறைய இருக்கு. கத்துது."

போகப்போக, "கொஞ்சம்தான் இருக்கு" என்றாள். அப்புறம், "ஒண்ணுதான்" என்றாள். அவர் எழுந்து வந்தார். மெஷின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினார். உள்ளே ஏதோ பிறாண்டியது. மெதுவாக, விட்டுவிட்டு, களைத்துப்போய்ப் பிறாண்டியது.

அப்போதே தகட்டை அறுத்துப் பெயர்த்தார். வெளியே எதுவும் வரவில்லை. கையை விட்டு இழுத்ததில் வந்ததெல்லாம் செத்தவை. ஒன்றையொன்று தின்றிருந்தன. கடைசியாக வந்ததன் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் தோட்டத்தில் புதைத்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தக் கையால் சாப்பிடவே அவருக்குக் கூசியது.

"எல்லாம் முடிஞ்சுதுக்கா."

"இல்லடா. இன்னும் சுரண்டுது."

சுவரில் கைவைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா தினமும் சுவர் மூலையில் ஒரு பிடி சோறு வைத்தாள். அது அப்படியே காய்ந்து கிடக்கும். அவர் சத்தம் போடாமல் எடுத்துக் கொட்டுவார்.

மகள் பெட்டியோடு வந்து நின்றாள். "கிளம்பும்மா."

"நான் வந்துட்டா இதுங்களுக்கு யாரு இருக்கா?" என்று அக்கா சுவரைத் தடவினாள்.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் காதருகே குனிந்து, "மாமா, உண்மையச் சொல்லுங்க. உள்ள ஏதாவது இருக்கா? இல்லன்னா அம்மாவை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி என்கூடவே வச்சுக்கறேன்" என்றாள்.

"இருக்கும்மா" என்று கூசாமல் புளுகினார். "நானே கைவச்சுப் பார்த்தேன்."

மகள் ஆட்டோ ஏறிப் போனதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவர் தோளை அக்கா தேடிப் பிடித்தாள்.

"ஏன்டா, நெசமாவே இருக்கா? எனக்குக் கேக்கறது நீ தகட்டைப் பேத்த அன்னிக்கே நின்னுபோச்சு. உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. அதுங்க புதைஞ்ச தோட்டத்துல கால் வைக்கவும் பயம். வேற என்ன சாக்குச் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதென்றா பயந்தோம் என்று வாய்விட்டுச் சிரித்தபடியே, எழுந்திருக்கச் சுவரில் கையை ஊன்றினார்.

சிரிப்பு நின்றது. உள்ளங்கைக்கு அடியில் மெதுவாக, விட்டுவிட்டு ஏதோ பிறாண்டியது. ஊன்றிய கையை அவரால் எடுக்க முடியவில்லை.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. தலகாணிய எடுத்துக்கோ. இனிமே நீ என் ரூம்ல படு."