எங்களுக்குச் சொந்தமான வண்டிகள்

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிய தேங்காய்க் களத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த காலத்தில், எனக்கும் அக்காவுக்கும் ஏராளமான வண்டிகள் சொந்தமாக இருந்தன. பஸ், லாரி, டெம்போ, ஒருமுறை ஓர் ஆம்புலன்ஸ்கூட. சைக்கிள் மட்டும் இல்லை.

விளையாட்டை உண்டாக்கியவள் அக்காதான். தேங்காய் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்துகொள்வோம். வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்துகள் எல்லாம் அடங்கிய ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்ல வேண்டும். எழுத்துகள் முன்பின்னாக வரலாம், நடுவில் வேறு எழுத்துகளும் இருக்கலாம். வண்டி வளைவில் மறைவதற்குள் யார் சொல்கிறாளோ அவளுக்கே வண்டி சொந்தம். தோற்றவள் சாயங்காலம் ரோட்டோரக் குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிவர வேண்டும். நம்மூர் வண்டிகளில் டி, என் இரண்டும் எப்போதும் இருக்கும். கூட ஒரு கே வந்தால் டேங்க், ஆர் வந்தால் ட்ரெயின். கேரளத்து லாரிகளுக்குக் கே, எல் மட்டும் பார்த்தால் போதும் என்று எனக்கு ஒரு சலுகை உண்டு. எனக்கு வந்ததெல்லாம் மில்க் ஒன்றுதான்.

"மறுக்காவும் மில்க்கா? இத்தன பாலுக்கு மாடு ஆரு வாங்கிக் கட்டறது?" என்பாள் அக்கா.

அவள் பத்தாவது, நான் நாலாவது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் அவள்தான் முதல். பரீட்சை எழுதி மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தத் தை மாதத்தில், தேங்காய் உரிக்கும் கம்பி அப்பாவின் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. காயம் ஆறியும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மடங்காத கையை வைத்துக்கொண்டு களத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவரோடு போய்வந்துகொண்டிருந்தவள் அக்கா. அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் ஜே போட்ட லாரி ஒன்று வந்தது. அதற்கு வார்த்தையே கிடையாது என்று நான் நினைத்திருக்க, அக்கா "இஞ்சக்சன்" என்றாள்.

"அது தமிழு. செல்லாது" என்றேன்.

அவள் குச்சியை எடுத்து மண்ணில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, டி, என், ஜே மூன்றையும் வட்டம் போட்டுக் காட்டினாள். அன்று குடம் தூக்கியது நான்.

பிறகு ஒரு நாள், அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான மாமா ஒருவர் வந்தார். ஸ்பின்னிங் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவர் தொழில்.

"ஏனுங் மச்சான், இன்னும் என்னத்த யோசிக்கறீங்க? மில்லுக்குள்ளயே ஹாஸ்டலு. மூணு வேளச் சோறு, டிவி கூட இருக்குதுங்க. ஒப்பந்த வருசம் முடிஞ்சா கண்ணாலத்துக்குப் பணத்தோட வருவா."

அப்பா விரல் மடங்காத கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிச்சைய எழுதிப்போட்டு வாரனுங்க மாமா" என்றாள் அக்கா.

"பரிச்ச எங்கீங் கண்ணு ஓடிப்போகுது? வேன்ல எடம் இப்பத்தான் இருக்குது."

அம்மா எழுந்து அவருக்கு டீ போடப் போனாள். அதோடு பேச்சு முடிந்தது. ஹாஸ்டல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வீடு வருவார்கள். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

வேன் காலையில் வந்து களத்து ஓரம் நின்றது. உள்ளே ஏற்கெனவே பெண்கள் இருந்தார்கள். பின்கதவைத் திறந்து அக்காவின் பையை வைத்தார்கள். அவள் நம்பர் பிளேட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். அதில் ஜே இருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள்தான் முதலில் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

"ஜே, அக்கா! சொல்லு!" என்று கூடவே ஓடினேன்.

"தெரியல கண்ணு."

"நெசமாவா?"

"தெரியலடி. நீயே சொல்லு."

"இஞ்சக்சன்!" என்று கத்தினேன். "வண்டி என்னுது!"

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். "வெச்சுக்கோ அம்மணி" என்றாள் அக்கா. வேன் வளைவில் மறைந்தது.

ஒப்பந்தம் முடிந்து அவள் இளைத்துத் திரும்பிவந்தாள். பல்லடத்துப் பக்கம் தறி ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எட்டாவதோடு நானும் அதே மில்லுக்குப் போனேன். பாதியில் சுவரேறிக் குதித்தேன். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி, காந்திபுரத்தில் லாட்ஜ் அறை கூட்டும் வேலை, மைசூரில் ஒரு மெஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறேன். எந்த ஊர் ரோட்டில் நின்றாலும் கண் நம்பர் பிளேட்டுக்குத்தான் போகும். அப்படி எங்கேயோ நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இஞ்சக்சன் அவளே மண்ணில் எழுதி எனக்குக் கொடுத்த வார்த்தை. ரோட்டில் போன எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டவள் அந்த ஒரு வண்டியை மட்டும் வேண்டாம் என்று விட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. ஜெயித்த நான், சாயங்காலம் காலிக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வேன் போன பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். இருட்டத் தொடங்கியதும் அம்மா வந்து குடத்தை நிரப்பினாள்.

"அக்கா மொறைங்மா. நீங்க தூக்கக் கூடாது" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். நியாயம் தெரியாதவளாக இருக்கிறாளே என்று அவள் மேல் கோபத்தோடு நான் பின்னாலேயே போனேன்.